உன் பெயரில் ஒரு நூலக அட்டை

நானுஓயா,
10.10.2025

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. மழை விடுகிற மாதிரி இல்லை; தேயிலைக் கொழுந்தும் குறைவு. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைப்போலத்தான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், மனசு கேட்காமல் எழுதிவிட்டேன்.

உன் தோடு அடகில் இருக்கிற விஷயமும் தெரியும். அம்மா சொல்லவில்லை, அவளோடு கோபித்துக்கொள்ளாதே. உன் தம்பிதான் வாய் தவறிச் சொன்னான். புத்தகக் கண்காட்சியில் கையிலிருந்த காசு போதாமல் கூட வேலை செய்கிற பிள்ளையிடம் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்கத் தோட்டைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாய். வேறு எதற்காவது வைத்திருந்தால் அடுத்த ரயிலிலேயே வந்து ஏசியிருப்பேன். புத்தகத்துக்கு என்றதும் ஏசவும் முடியவில்லை, பேசாமல் இருக்கவும் முடியவில்லை. வட்டகொடைச் சித்தி வீட்டில் ஒவ்வொன்றாய் அடகுக்குப் போனது உனக்கு மறந்திருக்காது. அங்கேயும் முதலில் அடகுக்குப் போனது ஒரு சோடித் தோடுதான்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் 400 ரூபாய் என்று இருந்தால் அது இந்தியக் காசு. நம் காசுக்கு மாற்றினாலே 1300-ஐத் தாண்டும்; கப்பல் கூலியும் கடைக்காரரின் லாபமும் அதற்கு மேலே. உன் அம்மாவுக்கு ஒரு நாள் பேருக்குக் கிடைக்கிற சம்பளம் 1350. அதுவும் லேசில் வந்ததா? ஆயிரம் ரூபாய் கேட்டு 2015-இல் தொடங்கிய இழுபறி 2021-இல்தான் முடிந்தது. 1350 ஆனது போன வருஷம் செப்டெம்பரில். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். ஆக, ஒரு நாவலுக்கு ஒரு முழுப்பேர். உன் மனசு நோகவேண்டும் என்று இதை எழுதவில்லை. புத்தகத்தைத் திருப்பி விலை பார்க்கும்போது இந்தக் கணக்கும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

வாங்குவதா, இரவல் எடுத்து வாசிப்பதா என்பது உன் இஷ்டம். சம்பாதிக்கிற பிள்ளை, நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு உன் பெயரில் இன்னும் ஒரு நூலக அட்டை இல்லை என்பதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

தேயிலை ஸ்டோரில் வேலை செய்த நாளில், உன் வயதில், டவுன் நூலகம் ஒன்றில் அங்கத்தவராகப் போனேன். படிவத்தின் கீழ்ப்பாதியில் பிணை நிற்பவரின் பெயர் கேட்டிருந்தார்கள். அவருடைய வீட்டு வரி இலக்கமும் வேண்டும். லயத்தில் யாருக்கு வரி இலக்கம்? குடியிருக்கிற காம்பராவும் தோட்டத்தினது, அது நிற்கிற மண்ணும் தோட்டத்தினது. உன் தாத்தா பெயரை எழுதி, வரி இலக்கத்துக்கான கட்டத்தில் லய இலக்கத்தையும் காம்பரா இலக்கத்தையும் போட்டுக் கொடுத்தேன். மேசையில் இருந்தவர் அந்தக் கட்டத்தைப் பேனா முனையால் தொட்டுப் பார்த்தார். படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். சத்தம் போடவில்லை. உள்ளே இருந்து வாசிக்கலாம், வெளியே கொண்டுபோக முடியாது என்றார், அவ்வளவுதான்.

கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யை அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசித்தேன். நம் சனத்தின் கதை. நம் லயத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் பக்க இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடுவேன். அடுத்த கிழமை போனால் அட்டை வைத்திருக்கிற யாராவது அதை எடுத்துப் போயிருப்பார்கள்.

அந்த ஒரு மனிதரைக் குறை சொல்லி என்ன? சட்டமே அப்படித்தானே வந்தது. 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவைக் காட்டித்தான், தோட்டத்துக்குள் ரோடு போடவும் விளக்குப் போடவும் சபைக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவந்தார்கள். வாசிகசாலைக்கு எங்கே போவது? தேயிலையால் நாட்டுக்கு டொலர் கொண்டுவந்த சனம், சபையின் கண்ணில் வரி கட்டாத சனம். அந்தச் சட்டத்தைத் திருத்த 2018 வரை ஆனது. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது, மகள்.

நீ இருக்கிற இடத்தில் அந்தத் தடை இல்லை. 57-ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம், 1942-இல் தொடங்கியது. உள்ளே நல்ல நூலகம். உன் போர்டிங்கிலிருந்து நடந்தே போகலாம். விஹாரமகாதேவிப் பூங்காவுக்குப் பக்கத்தில் கொழும்பு பொது நூலகம். பிணை கேட்டால் போர்டிங் அம்மாவிடம் கேள். அவர்களுக்கு வரி இலக்கம் இருக்கும். கட்டுப்பணம் வைக்கச் சொன்னால் யோசிக்காமல் வை. வேலை முடிந்து களைத்து வருகிற நாளில் போனிலேயே ‘நூலகம்’ இணையத்தளத்தைத் திற. 2005-இலிருந்து நம் நாட்டுத் தமிழ்ப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணிப் போட்டு வருகிறார்கள், காசில்லை. டொமினிக் ஜீவா நடத்திய ‘மல்லிகை’யின் பழைய இதழ்கள் அதில் இருக்கின்றன. நான் தேடி அலைந்ததெல்லாம் உன் கைக்குள்ளே இருக்கிறது.

புத்தகமே வாங்காதே என்று பெரியப்பா சொல்வேனா? அகராதி, பரீட்சைப் புத்தகம், திரும்பத் திரும்ப எடுக்கிற கவிதை, இவையெல்லாம் சொந்தமாக இருக்கவேண்டும். மலையகத்தில் ஒருவர் எழுதிப் புத்தகம் போட்டால் அதை இரவல் கேட்காதே, காசு கொடுத்து வாங்கு. சில நூறு பிரதிதான் அடிக்கிறார்கள், அதுவும் கைக்காசைப் போட்டு. நாவலை மட்டும் முதலில் இரவலில் வாசி. வருஷம் கழித்தும் மனசில் நின்றால் வாங்கிக்கொள். பரீட்சைப் புத்தகங்களுக்கு மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் புதுசுக்குப் போ.

சம்பளம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பு, வாடகையைக் கட்டு. அதற்குப் பிறகு 2000 ரூபாயை ஓர் உறையில் போடு. அந்த மாதம் தொடாவிட்டால் சேரட்டும். கண்காட்சிக்கு அந்த உறையோடு மட்டும் போ. வங்கி அட்டை அறையிலேயே இருக்கட்டும்.

நிறையச் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, தங்கம். நம் குடும்பத்தில் உன்னைப்போல வாசிக்கிற பிள்ளை வேறு இல்லை. உன் அப்பா இருந்திருந்தால் லயம் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பான். தோட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அடகு ரசீதைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பு, நான் காசு போடுகிறேன், நீ மீட்டுக்கொள். திருப்பித் தரவும் வேண்டாம். ஏதோ ஒரு நாவலின் இரண்டாம் பாகம் கிடைக்கவில்லை என்று தம்பியிடம் சொன்னாயாமே, அதையும் வாங்கிவிடு. அதற்கும் சேர்த்தே போடுகிறேன்.

தீபாவளிக்குப் பொடிமெனிக்கே ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு வந்து நிற்பேன். குளிர் கூட, ஜேர்சியை மறந்துவிடாதே. பெரியம்மா இப்போதே முறுக்குக்கு அரிசி பார்க்கத் தொடங்கிவிட்டாள். வாசித்து முடித்த புத்தகத்தில் ஒன்றிரண்டை எனக்கும் கொண்டு வா; எழுத்து கொஞ்சம் பெரிதாக இருந்தால் நல்லது.

அன்புடன்,
பெரியப்பா