எலிக்கு வைத்தது எலியோடு நிற்காது

எலிக்கு ஒன்று, கொசுவுக்கு ஒன்று, நாய் உண்ணிக்கு ஒன்று, மாட்டு வலிக்கு ஒன்று. எண்ணிப் பார், உன் வீட்டில் நாலைந்து விஷமாவது இருக்கும். வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிறவளுக்கு அட்டையில் இருக்கிற பொடி எழுத்தைப் படிக்க நேரம் ஏது? சரி, நான் சொல்வதையாவது காதில் போட்டுக்கொள். நாம் வைக்கிற மருந்து வைத்த இடத்தில் இருப்பதில்லை. பூனை, ஆந்தை, மீன், கழுகு என்று சுற்றிவிட்டு நம்மிடமே வருகிறது.

1. எலி பேஸ்ட் வேண்டவே வேண்டாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்த டியூப்புக்குத் தமிழ்நாட்டு அரசு தடை போட்டிருக்கிறது. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதே. பார்க்கப் பல் துலக்கும் பேஸ்ட் மாதிரி இருக்கும். குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா?

அது வாயில் போய்விட்டால் நம்மவர்கள் செய்கிற தப்பு இதுதான்: முதல் நாள் வாந்தி எடுக்கும், வயிறு வலிக்கும்; அப்புறம் தெளிந்தது போல எழுந்து உட்காரும். "சரியாகிவிட்டது" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் கண் மஞ்சளாகும்போது காலம் கடந்திருக்கும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே. 108-ஐக் கூப்பிடு, டியூப்பையும் கையோடு எடுத்துப் போ.

2. எலி கேக் பரவாயில்லை என்று நினைக்காதே. அதைத் தின்ற எலியின் ரத்தம் உறையாமல் போகும். எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். தள்ளாடுகிற எலியைத்தான் கூகையும் பூனையும் சுலபமாகப் பிடிக்கும். எலி பிடிக்கிற ஆந்தையை நாமே கொன்றுவிட்டு, எலி பெருத்துவிட்டது என்று புலம்புகிறோம். அரிசி மூட்டையைத் தரையில் வைக்காதே, குப்பையை மூடி வை, ஓட்டையில் கண்ணாடித் துண்டும் சிமென்டும் வைத்துப் பூசு. மிச்சத்துக்குப் பழைய எலிப்பொறியும் ஒரு துண்டு மசால்வடையும் போதும்.

3. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடாதே. பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், செத்தும் போகும். நாய்க்குத் தடவிய அன்று பூனையை அதன் பக்கத்தில் படுக்கவும் விடாதே. அந்தக் கையை மீன் தொட்டியில் விடாதே, மீனுக்கும் ஆகாது.

4. கொசுவர்த்தியைக் கதவைச் சாத்திக்கொண்டு கொளுத்தாதே. ஒரு சுருள் எரிந்து முடிக்கும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். கொசுவலை வாங்கு, முடிந்தது.

5. பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தைத் தொடாதே, உருண்டைகள் சிதறி மூலைக்கு மூலை ஓடும். பிள்ளைகளை வெளியே அனுப்பு, ஜன்னலைத் திற, மோதிரம் வளையலைக் கழற்று (பாதரசம் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும்). கெட்டி அட்டையால் ஒன்று சேர்த்து, டேப்பால் ஒற்றியெடுத்து, மூடி போட்ட பாட்டிலில் அடை. சிங்க்கில் மட்டும் ஊற்றிவிடாதே. நீர்நிலைக்குப் போன பாதரசம் உருமாறி மீனில் சேரும். ஜப்பானில் மினமாட்டாவில் நடந்ததைப் பார். ஆலைக் கழிவோடு கடலில் கலந்த பாதரசம் மீன் வழியாக வந்தது. பூனைகள் துடிதுடித்து விழுந்தன. 1956-இல் மனிதர்களின் நோயாக அது பதிவானது. பூனைகளைப் பார்த்தபோதே யாராவது நின்று யோசித்திருக்கலாம்.

6. பூச்சிமருந்து டப்பாவைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற பழக்கத்தை இன்றோடு விடு. ஸ்பிரேயரைக் கிணற்றடியிலும் வாய்க்காலிலும் அலசாதே. மயில் வருகிறது என்று தானியத்தில் மருந்து கலப்பது பாவம் மட்டுமில்லை, சட்டப்படி குற்றம். அது தேசியப் பறவை.

7. மாடு வைத்திருக்கிறாயா? இதை நிதானமாகப் படி. மாடு நொண்டினால், மடி வீங்கினால் டைக்ளோஃபெனாக் ஊசி போடுவது ஒரு காலத்தில் சாதாரணம். ஊசி போட்ட சில நாளில் செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. அறுத்துப் பார்த்தால் ஈரல் மேலும் இதயத்தின் மேலும் சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருக்கும். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே பாறுகள் அழியப் போதும். வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது.

கழுகு போனால் நமக்கென்ன என்று கேட்காதே. தின்ன ஆளில்லாத சடலம் அழுகிக் கிடந்தது, தண்ணீர் கெட்டது, தெருநாய் பெருகியது, வெறிநாய்க்கடி கூடியது. 2000 முதல் 2005 வரை இந்தியாவில் இதனால் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

2006-இல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் தடை செய்யப்பட்டது. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள் என்பதால் 2015-இல் அதையும் 3 மில்லிக்குக் குறைத்தார்கள். 2023-இல் அதே வகை வலிமருந்துகளான கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டும் மாட்டுக்குத் தடையாயின. முதுமலை, மாயாற்றுப் பக்கம் இன்னும் பாறுகள் மிஞ்சியிருக்கின்றன.

அதனால் உனக்கு வந்த மூட்டுவலி மாத்திரையை மாட்டுக்குக் கொடுக்காதே. மருந்துக் கடையில் நீயே கேட்டு வாங்காதே. கால்நடை மருத்துவர் வரும்போது "மெலாக்சிகாம் போடுங்க சார்" என்று வாய்விட்டுக் கேள். மாட்டின் வலியும் குறையும், கழுகுக்கும் கெடுதலில்லை.