காணாதார்க்கு நிறம் உணர்த்தும் நெறி

பிறவியிலேயே கண் காணாத பெரியவர் ஒருவர், பால் எத்தன்மைத்து என்று வினவினாராம். வெண்ணிறமானது என்றார் அருகிருந்தவர். வெண்மை எப்படியிருக்கும்? கொக்கினைப் போன்றிருக்கும். கொக்கு எப்படியிருக்கும்? விடை சொல்ல வந்தவர் தம் கையை மடக்கி, மணிக்கட்டை வளைத்து, இப்படித்தான் என்று தடவிப் பார்க்கச் செய்தார். தடவிய பெரியவர், "இத்துணை வளைந்த பொருள் தொண்டையில் சிக்கிக்கொள்ளுமே! எனக்குப் பால் வேண்டாம்" என்றாராம். நம் நாட்டில் பல மொழியினரும் சொல்லிச் சிரிக்கும் கதை இது. வடநாட்டார் பாலுக்குப் பதிலாகப் பாயசத்தை வைத்துச் சொல்வர். 'வளைந்த பாயசம்' என்பது அரிய செயலைக் குறிக்கும் மரபுத்தொடராகவே இந்தி மொழியில் வழங்குகின்றது.

இக்கதையில் நகைக்கத்தக்கவர் யார் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. பெரியவர் அல்லர், அவர் தமக்குக் கொடுக்கப்பட்டதிலிருந்து முறையாகவே முடிவு கண்டார். தொல்காப்பியனார் உவமவியலில், ஒரு பொருளுக்கு மற்றொன்றை உவமையாக்கும் வகைகளை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். பால் கொக்குப் போன்றது என்பது உருவுவமம். அதனைக் கையைத் தடவச் செய்து விளக்கப் புகுந்தமையால் அது மெய்யுவமமாகத் திரிந்துபோயிற்று. வினையும் பயனும் கண்ணின் துணையின்றி உணரப்படுவன. வடிவைக் கையும் அறியும். நான்கனுள் கண் ஒன்றனுக்கே உரியது உரு. மூன்று வாயில்கள் திறந்திருக்க, அடைத்துக் கிடந்த நான்காவதைத் தட்டினார் அருகிருந்தவர்.

அவ்வாசிரியரே உரியியலில் மற்றோர் உண்மையும் கூறினார். ஒரு சொற்குப் பொருளாக மற்றொரு சொல்லையும், அதற்குப் பொருளாக வேறொன்றையும் தேடிக்கொண்டே சென்றால் அதற்கு எல்லை இல்லை. உணர்வதற்கு உரிய வாயிலோ உணர்வாரைப் பொறுத்தது என்பது அவர் கருத்து. கொக்குக் கதைக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமோ?

கோயிலுக்கு வருவோர்க்கு இவ்விலக்கணம் எற்றுக்கு எனின், கூறுவேன். குன்றத்தூர் மலைமேல் முருகப்பெருமானைத் தொழ வருவோருள் பார்வையற்றோரும் உளர். உடன் வந்த பேரனோ மகளோ கைப்பற்றிப் படியேற்றுகின்றனர். திரை விலகுகின்றது, "அரோகரா" என்னும் ஒலி எழுகின்றது. "இன்று என்ன அலங்காரம்?" என்று அவர் மெல்லக் கேட்கிறார். "பச்சைப் பட்டு, தாத்தா" என்னும் விடையோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. சில விடத்து, "நன்றாக இருக்கிறது" என்பதோடே சரி. அத்தனை படிகளையும் ஏறி வந்தவர்க்குக் கிடைத்தது ஒரு சொல். அச்சொல் அவருள்ளத்தே யாது செய்தது என்று எவரும் கேட்பதில்லை.

குன்றத்தூரார் இதனை எண்ணாதிருத்தல் தகாது. இவ்வூரிற் பிறந்து, இரண்டாம் குலோத்துங்கனாகிய அநபாயனிடம் அமைச்சராயிருந்த சேக்கிழார் பெருமான், பன்னிரண்டாம் நூற்றாண்டில் இயற்றிய திருத்தொண்டர் புராணத்தில் பார்வையற்ற அடியார் இருவரைக் காட்டினார். ஒருவர் தண்டியடிகள், திருவாரூரிற் பிறந்தபோதே கண்ணொளி இல்லாதவர். திருக்குளத்தைப் பெரிதாக்க விரும்பிக் குளத்துள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டிற்கும் கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே மண் சுமந்தவர். மற்றொருவர் சுந்தரமூர்த்தி நாயனார். சங்கிலியார்க்குக் கொடுத்த சூளுறவை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்த அளவில் கண்ணிழந்து, திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் மீளப் பெற்றவர். இருவரும் தத்தம் இருளில் இருந்த காலத்து 'செம்மை' என்னும் சொல்லைக் கேட்டனர் என்று கொள்வோம். சுந்தரர்க்கு அது நினைவைத் திறக்கும் திறவுகோல். தண்டியடிகட்கோ திறப்பதற்கு அங்கே நினைவு இல்லை; கையிற் பட்ட கயிறு போல, தொட்டுச் செல்லும் ஒன்று வேண்டும். ஆகவே, நிறம் சொல்லப் புகுவார் முதலில் அறிய வேண்டுவது, கேட்பவர் கண்டு இழந்தவரா, காணாதே பிறந்தவரா என்பது. முன்னவர்க்குப் பெயர் ஒன்றே போதும். பின்னவர்க்குக் கயிறு கட்டித் தரல் வேண்டும்.

அக்கயிறு தமிழ்ச் சொற்களுக்குள்ளேயே கிடக்கின்றது. கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியை உணர்த்தும் என்று முதற்கண் கூறி, நிறத்தை உணர்த்தவும் உரியன என்று அதன் பின்னரே வைத்தார் தொல்காப்பியனார். சினம் மூண்டு முகம் வெதும்புவதை அறியக் கண் வேண்டுவதில்லை. இரு கைகளையும் ஓங்கித் தட்டியபின் உள்ளங்கையில் ஏறும் வெப்பமே சிவத்தல். "கை சிவக்கக் கொடுத்தான்" என்பது நம் வழக்கு. அடுப்புத் தணலின் அண்மையும், சூளையிற் சுட்ட செங்கல்லின் சொரசொரப்பும் அதனோடு சேரும். சேய், செவ்வேள் என்னும் முருகன் திருப்பெயர்களைச் சொல்லும்போது இவ்வெம்மையும் உடன் சொல்லப்படலாம். செம்மை என்பதற்கு நேர்மை என்னும் பொருளும் உண்டன்றோ?

பச்சை என்பது இன்னும் எளிது. பச்சைத் தண்ணீர் காயாத நீர். பச்சைப் பால் காய்ச்சாத பால். பச்சைக் குழந்தை அண்மையிற் பிறந்தது. எனவே பச்சை என்பது தீயும் காலமும் தீண்டாத நிலை. வெற்றிலையைக் கிள்ளிக் கையில் வைத்து, அதன் குளிர்ச்சியையும் மணத்தையும் உணரச் செய்து, "இதுதான் பச்சை" எனின் கேட்பவர்க்கு ஏதும் வளைந்து தோன்றாது. வெண்மைக்கு, வெளுத்து வெயிலில் உலர்த்திய வேட்டியும், எல்லாம் எரிந்தபின் எஞ்சும் திருநீற்றின் மென்மையும் உண்டு. கருமைக்குக் கார் உண்டு. நிறமும் மேகமும் பருவமும் ஒரு சொல்லால் உணர்த்தப்படுகின்றன. மழைக்கு முன் வரும் குளிர்காற்றைப் பார்வையற்றார் நம்மினும் முன்னரே அறிவர். மஞ்சளுக்கு விளக்கமே வேண்டா. பொருளின் பெயரே நிறத்தின் பெயர். ஒரு துண்டு மஞ்சளைக் கையிற் கொடுத்தால் போதும். நீலம் ஒன்றுதான் இடர்ப்படுத்துகின்றது. வானம் கைக்கு எட்டாது. மயிற்பீலியின் மென்மை நீலத்தைச் சொல்லுவதாகாது. அதற்குத் தக்க வாயில் ஒன்றனை யான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்ஙனம் சொல்வதனால் நிறத்தின் தோற்றம் அவர்க்குச் சென்று சேரும் என்று யான் கூறவில்லை. அது சேராது. சேர்வது நிறத்தின் பொருள். அப்பொருளைக்கொண்டு மற்றவரோடு ஒப்ப வழங்கும் உரிமையும் அவர்க்கு வாய்க்கும். பழைய செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண் காணாதவர். முதுகிலே எழுத்துகளை எழுதிக் காட்டச் செய்து கற்றார் என்பர். கண்ணாகிய வாயில் இல்லாவிடத்து முதுகு வாயிலாயிற்று. அவர் திருவாரூர் உலா பாடினார். உலாவென்பது வீதியிற் பவனி வரும் தலைவனைக் கண்டோர் நிலையைப் பாடுவது. காணாத ஒருவர் காட்சியையே பொருளாகக் கொண்ட நூலைப் பாடினார் என்பதைப் படிப்போர் சற்றே நின்று எண்ணுக.

மேனாட்டு மெய்யறிஞர் ஜான் லாக் என்பார் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய நூலில், பார்வையற்ற ஒருவர் செந்நிறம் எக்காள முழக்கத்தைப் போன்றது என்று உரைத்ததாகக் காட்டி, சொல்லால் நிறத்தை உணர்த்த இயலாது என்பதற்கு அதனைச் சான்றாக்கினார். அவ்விடையை அத்துணை எளிதில் தள்ளிவிடுதல் எனக்கு உடன்பாடன்று. தமிழில் வண்ணம் என்பது நிறத்திற்கும் பெயர். செய்யுளின் சந்த நடைக்கும் பெயர். அருணகிரிநாதரின் வண்ணப் பாக்களைச் செவியாற் கேட்டுத்தானே துய்க்கிறோம்!

அண்மைக் காலத்து ஆய்வு ஒன்றும் இதற்குத் துணை செய்கின்றது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், குறித்த பொருள் இன்ன நிறத்தது என்பதில் பிறவிப் பார்வையற்றோர் விடைகள் பார்வையுடையோர் விடைகளோடு சிலவிடத்து வேறுபட்டன. ஆயினும், ஒரே வகைப் பொருள்கள் இரண்டு ஒரு நிறமாயிருக்குமா, இராவா, அஃது ஏன் என்பவற்றில் இரு திறத்தாரும் ஒத்தே கருதினர். இரண்டு வாழைப்பழங்களின் நிறம் ஒத்திருக்கும், அஃது இயற்கை. ஒரகடத்து ஆலையிலிருந்து வரும் இரண்டு கார்கள் நிறத்தால் வேறுபடலாம். அவை வாங்குவோர் விருப்பத்திற்கேற்பப் பூசப்படுவன. இத்தகைய அறிவைக் காணாதார் பிறர் பேச்சைக் கேட்டே பெறுகின்றனர். ஆதலின் நாம் பேசாதொழிவது அவர்க்கு ஓர் இழப்பேயாம்.

இனி, மலைமேல் சந்நிதியில் செய்யத்தக்கதைச் சொல்வேன். திரை விலகியதும் நிறப்பெயரை மட்டும் சொல்லாதீர்கள். "பச்சைப் பட்டு, கையிலிருக்கும் இவ்வெற்றிலையின் நிறம்" என்க. "சந்தனக் காப்பு, நெற்றியில் குளிர்கிறதே, அதனையே மேனி முழுதும் சாத்தியிருக்கிறார்கள்" என்க. பெரியவர்க்குச் செவி மந்தமாயின் அர்ச்சகர் தரும் பூவை அவர் விரலிடத்தே வைத்து, "அப்பா, மாலை முழுதும் இப்பூவே" என்றால் அதுவும் போதும். விரைந்து நகரச் சொல்லும் வரிசையில் இதற்கு இரண்டு நொடி மிகையன்று.

குன்றத்தூர்க் கருவறையின் அமைப்பையும் அவர்க்குக் கூறுக. நேரே நின்றார்க்கு முருகன் திருவுருவம் மட்டுமே தோன்றும். ஒரு புறம் ஒதுங்கி நின்றால் வள்ளியம்மையையும், மறுபுறம் சென்றால் தெய்வயானை அம்மையையும் அவனோடு காணலாம். மூவரையும் ஒருசேரக் காண்பது கண்ணுடையார்க்கும் அங்கு இல்லை. ஆகவே அவரை இரண்டு பக்கமும் கைப்பற்றி அழைத்துச் சென்று, இப்போது எந்தப் பக்கம் நிற்கிறோம், அம்மை எந்நிறச் சேலை உடுத்திருக்கிறாள் என்பவற்றை அவ்வவ்விடத்தே நின்று சொல்லுக.