சாகண்: வளரும் சிற்றூரின் மக்கள், குடித்தன, வீட்டுக் கணக்குகள்

மகாராஷ்டிர மாநிலத்தின் மலைவாசத் தலங்களுள் ஒன்று மாதேரான். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தோர் ஐயாயிரத்துக்கும் குறைவு. எனினும் அது நகராட்சி. அதே மாநிலத்தில், புனேயிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே உள்ளது சாகண். அதே ஆண்டில் அதன் மக்கள் தொகை ஏறத்தாழ 41 ஆயிரம். ஆனால் அங்கு நிர்வாகம் செய்தது கிராமப் பஞ்சாயத்து.

கணக்கெடுப்பு அட்டவணைகளை முதன்முறையாகப் புரட்டும் மாணவருக்கு இது அச்சுப்பிழை போலத் தோன்றக்கூடும். பிழை ஏதுமில்லை. ‘நகரம்’ என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இரு பொருள்கள் வழங்குவதே காரணம். சட்டப்படி நகராட்சி, மாநகராட்சி, பாசறை வாரியம் முதலிய அமைப்புகளைப் பெற்ற ஊர் சட்டமுறை நகரம் ஆகும். அத்தகைய அமைப்பு இல்லாவிடினும், மூன்று நிபந்தனைகளை நிறைவு செய்யும் ஊரைக் கணக்கெடுப்புத் துறை தன் அட்டவணைகளுக்காக நகரம் என்று கொள்கிறது. மக்கள் தொகை குறைந்தது 5,000 இருக்க வேண்டும். ஆண் முதன்மைத் தொழிலாளருள் குறைந்தது 75 விழுக்காட்டினர் வேளாண்மை அல்லாத தொழில்களில் ஈடுபட்டிருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் வாழ வேண்டும். இவ்வாறு நகரமெனக் கொள்ளப்படுவது கணக்கெடுப்பு நகரம். சாகண் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்திருந்தது.

இவ்வகை நகரங்கள் நாடெங்கும் 2001-இல் 1,362 இருந்தன. 2011-இல் 3,894 ஆயின. அதே பத்தாண்டுகளில் சட்டமுறை நகரங்கள் 3,799-இலிருந்து 4,041 ஆக மட்டுமே உயர்ந்தன. மகாராஷ்டிரத்தில் கணக்கெடுப்பு நகரங்கள் 127-இலிருந்து 278 ஆகவும், தமிழ்நாட்டில் 111-இலிருந்து 376 ஆகவும் பெருகின. மக்கள் நகரவாசிகளாக மாறிய வேகத்துக்கு ஈடாக அவர்களுக்கு நகராட்சிகள் அமையவில்லை என்பது இவ்வெண்களிலிருந்து பெறப்படும்.

ஊரின் மாற்றம்

சாகண் பழமையான ஊர். 1660-இல் சாயிஸ்தகான் முற்றுகையிட்டபோது பிரங்கோஜி நர்சாளா காத்து நின்ற சங்கிராமதுர்க்கம் என்னும் கோட்டை இங்குதான் உள்ளது. அண்மைக்காலம் வரை வெங்காய, உருளைக்கிழங்குச் சந்தையால் அறியப்பட்ட ஊர் இது. மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் சுற்றுவட்டாரத்தில் நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை அமைத்தபின் நிலைமை மாறியது. பஜாஜ் ஆட்டோ தொழிற்சாலை 1999-இலும், வோக்ஸ்வாகன், மெர்சிடிஸ் பென்ஸ் தொழிற்சாலைகள் 2009-இலும், மகிந்திரா தொழிற்சாலை 2010-இலும் உற்பத்தியைத் தொடங்கின.

இத்தொழிற்சாலைகள் பெரும்பாலும் மகாளுங்கே, நிகோஜே, கராப்வாடி முதலிய அண்டைக் கிராமங்களின் எல்லைக்குள் அடங்குவன என்பதை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். உலகச் சந்தையில் ‘சாகண்’ என்ற பெயரில் வழங்கும் தொழில் வட்டாரம் ஒன்று. கணக்கெடுப்பு அட்டவணையில் அதே பெயரில் வரும் ஊர் மற்றொன்று. அட்டவணையிலுள்ள சாகணின் மக்கள் தொகையை எடுத்துக்கொண்டு தொழில் வட்டாரத்தின் குடிநீர்த் தேவையைக் கணக்கிட முற்பட்டால், தொழிலாளர் பலரைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டவராவோம்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. 2011-க்கான கணக்கெடுப்பு நகரங்கள் முன்கூட்டியே, 2001-ஆம் ஆண்டின் தொழில் விவரங்களைக் கொண்டே இனங்காணப்பட்டன. ஆகவே 2001-இல் உழவுத் தொழிலே மேலோங்கியிருந்து, அதன்பின் தொழிற்சாலை வந்த கிராமம், 2011 அட்டவணையிலும் கிராமமாகவே நிற்க நேர்ந்திருக்கும். சாகணைச் சூழ்ந்த பகுதிகளை ஆராய்வோர் இதனை மறத்தல் ஆகாது.

குடித்தனம் என்பது எது?

இனி இக்கட்டுரையின் மையப் பொருளுக்கு வருவோம். சிற்றூர் அட்டவணையில் ஆள், குடித்தனம், வீடு என மூன்று அலகுகள் உள்ளன. ஆளை எண்ணுவதில் சிக்கல் குறைவு. மற்ற இரண்டும் இலக்கணத்தால் உருவாகும் அலகுகள்.

பொதுவான சமையலறையிலிருந்து உண்டு, வழக்கமாக ஒன்றாக வாழ்வோர் ஒரு குடித்தனம் ஆவர். உறவு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அடுப்பே இணைப்பு. உறவற்ற சிலர் ஒரே வீட்டில் தங்கியிருந்தும் பொதுச் சமையல் இல்லையெனில், ஒவ்வொருவரும் தனித்தனிக் குடித்தனமாகக் கொள்ளப்படுவர். வீடு என்பதோ, சாலையிலிருந்தோ பொது முற்றத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ தனியான முதன்மை வாயில் உடைய கட்டடம் அல்லது கட்டடப் பகுதி.

சாகணின் தலேகாவ் சந்திப்பில் ஷிப்டு மாறும் வேளையில் நின்றால் இவ்விலக்கணங்களின் பொருள் விளங்கும். பேருந்துகளிலிருந்து இறங்கும் இளைஞர்கள் பலர் மராத்வாடாவிலிருந்தும் பீகார், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். முன்னாள் உழவர்கள் தம் எஞ்சிய நிலத்தில் எழுப்பிய வரிசை அறைகளில் அவர்கள் தங்குகின்றனர். மராத்தியில் சால் எனப்படும் இவ்வமைப்பைத் திருப்பூரில் லைன் வீடு என்பர். நம் பெரியோர் ஒண்டுக் குடித்தனம் என்றனர்.

எடுத்துக்காட்டாகப் பத்து அறைகள் கொண்ட ஒரு வரிசையைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு அறைகளில் நால்வர் வீதம் நான்கு குடும்பங்கள். ஆறு அறைகளில் ஐவர் வீதம் முப்பது இளைஞர்கள். மொத்தம் 46 பேர். ஒவ்வோர் அறைக்கும் தனி வாயில் இருப்பதால் வீடுகள் பத்து.

ஒவ்வோர் அறையிலும் உள்ள இளைஞர்கள் சேர்ந்து சமைத்து உண்டால் குடித்தனங்கள் பத்து. சராசரி அளவு 4.6 பேர். நாட்டின் 2011 சராசரியாகிய ஏறத்தாழ 4.9-க்கு இது அருகில் உள்ளது. அட்டவணையைப் பார்ப்பவர் இதனைச் சாதாரணக் குடும்பங்கள் வாழும் தெரு என்றே முடிவு செய்வார். பத்துக் குடித்தனங்களுக்குப் பத்து வீடுகள், பற்றாக்குறை இல்லை.

அதே இளைஞர்கள் அறையில் சமைக்காமல் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில், அதாவது மராத்தியர் காணாவள் என்னும் மெஸ்ஸில், தனித்தனியே உண்பதாகக் கொள்வோம். அப்போது முப்பது பேரும் முப்பது குடித்தனங்கள். மொத்தம் 34. சராசரி அளவு 1.35 பேர். வீடுகள் அதே பத்து, பற்றாக்குறை 24!

ஆட்கள் மாறவில்லை, அறைகள் மாறவில்லை, அடுப்பு எரிந்ததா இல்லையா என்பதே மாறியது. பெருநகரில் இத்தகைய வேறுபாடு பல லட்சம் குடித்தனங்களுக்கிடையே கரைந்துபோகும். ஐயாயிரம் பேர் வாழும் சிற்றூரிலோ மொத்தமே ஆயிரம் குடித்தனங்கள்தாம். ஐம்பது அறைகள் புதிதாக எழுந்தால் விழுக்காடு ஐந்து நகர்ந்துவிடும். சிற்றூர்ப் புள்ளிவிவரத்தில் விழுக்காட்டை மட்டும் பார்த்து, அடிப்படை எண்ணைப் பார்க்காமல் விடுவது அதிகாரிகளிடையே பரவலாகக் காணப்படும் வழக்கம். இக்கட்டுரையாசிரியரும் தம் பணியின் தொடக்க காலத்தில் அதற்கு விலக்கல்லர்.

குடித்தனங்கள் மக்களைவிட விரைவாகப் பெருகுகின்றன என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. 2001-க்கும் 2011-க்கும் இடையே நாட்டின் மக்கள் தொகை 17.7 விழுக்காடு வளர்ந்தது, குடித்தனங்கள் 19.2 கோடியிலிருந்து 24.67 கோடியாக, ஏறத்தாழ 28 விழுக்காடு வளர்ந்தன. குடிநீர் இணைப்பும் மின் இணைப்பும் குடித்தனக் கணக்கில் தரப்படுபவை. மக்கள் தொகை வளர்ச்சியை மட்டும் நம்பித் திட்டமிடும் ஊராட்சி பின்தங்கியே நிற்கும்.

நெருக்கடியும் காலி வீடும்

2011-இல் நாட்டில் குடியிருப்பாகப் பயன்பட்ட வீடுகள் ஏறத்தாழ 24.5 கோடி. இதனை 24.67 கோடிக் குடித்தனங்களோடு ஒப்பிட்டால் வீட்டுப் பற்றாக்குறை ஏறத்தாழ தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். போதாததற்கு 2.47 கோடி வீடுகள் காலியாகவும் இருந்தன. ஆனால் பேராசிரியர் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு நகர்ப்புறத்துக்கு மட்டும் 2012-இல் மதிப்பிட்ட பற்றாக்குறை 1.878 கோடி. அதில் 1.499 கோடி நெருக்கடியால் விளைந்தது. வீடே இல்லாதோர் சுமார் 5.3 லட்சமே. அதாவது கூரை இல்லாமையைவிட, ஒரே கூரையின்கீழ் நெருக்குண்டு வாழ்தலே நகர்ப்புறப் பிரச்சினையின் பெரும்பகுதி.

நெருக்கடியை அளக்கக் கணக்கெடுப்பு இரு விவரங்களைத் தருகிறது. ஒன்று அறைகளின் எண்ணிக்கை. மற்றொன்று குடித்தனத்தில் உள்ள மணமான தம்பதியரின் எண்ணிக்கை. அறை எனப்படுவது குறைந்தது 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உடையதாக இருக்க வேண்டும். ஒருவர் கால் நீட்டிப் படுக்கும் அளவு அது. 2011-இல் நாட்டின் குடித்தனங்களில் 37.1 விழுக்காடு ஓர் அறையில் வாழ்ந்தன, 3.9 விழுக்காட்டுக்குத் தனி அறையே இல்லை. சாகண் போன்ற ஊர்களில் இரண்டாம் அளவுகோல் பயன் தராது. ஐந்து இளைஞர்கள் வாழும் அறையில் தம்பதியர் எண்ணிக்கை பூச்சியம். தம்பதிக்கு அறை உண்டா என்று வினவும் அட்டவணையில் அவர்களுடைய நெருக்கடி பதிவாவதே இல்லை.

கழிப்பறை பற்றிய வினாவும் இத்தகையதே. 2011-இல் 46.9 விழுக்காடு குடித்தனங்கள் வளாகத்தினுள் கழிப்பறை உள்ளவையாகப் பதிவாயின. வளாகத்தினுள் உண்டா என்பதே கேள்வி. எத்தனை குடித்தனங்களுக்கு அது பொது என்பது கேட்கப்படவில்லை. மேற்கூறிய வரிசையில் 46 பேருக்கு இரண்டே கழிப்பறைகள் இருந்தாலும் வசதி உடையவை என்ற பத்தியில் அனைத்தும் சேர்ந்துவிடும். 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வினாப்பட்டியலில் கழிப்பறை ‘கிடைக்கும் நிலை’ எனக் கேள்வி மாற்றியமைக்கப்பட்டது வரவேற்கத்தக்கது.

ஆண், பெண் விகிதமும் இங்கே ஒரு சான்று. 2011-இல் நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 943 பெண்கள், மகாராஷ்டிரத்தில் 929, புனே மாவட்டத்தில் 915. மாவட்ட எண் தாழ்ந்திருப்பதற்குத் தொழில் தேடித் தனியே வரும் ஆண்கள் ஒரு காரணம். சிற்றூர் ஒன்றில் இவ்விகிதம் திடீரெனச் சரிந்திருந்தால், குடித்தன அளவைப் பற்றிய எந்த முடிவுக்கும் வருமுன் வாடகை அறைகளைப் பற்றி விசாரித்தல் நன்று.

பெயரினால் விளையும் பயன்

ஓர் ஊரைக் கிராமம் என்பதோ நகரம் என்பதோ ஏட்டளவு வேறுபாடு அன்று. கிராமப் பஞ்சாயத்தாக இருக்கும்வரை ஊரக வேலை உறுதித் திட்டமும், 1985-இல் தொடங்கிய இந்திரா வீட்டு வசதித் திட்டமும், 2016 முதல் அதன் இடத்தில் வந்த பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டமும் கிடைக்கும். நகர்ப்புறக் குடிநீர், வடிகால் திட்டங்கள் கிடைக்கா. இதனால் சாகண் மக்கள் தொகை அட்டவணையில் நகரமாகவும், வீட்டு வசதித் திட்டத்தில் கிராமமாகவும் இருந்தது. நகராட்சி ஆனால் வரி உயரும் என்ற அச்சமும் மக்களிடம் உண்டு. அதனை முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை.

தமிழ்நாடு இதனை எதிர்த்திசையில் சோதித்துப் பார்த்தது. 2004-இல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகள் ஊரக நிதியைப் பெறும் நோக்குடன் சிறப்புக் கிராமப் பஞ்சாயத்துகளாக மாற்றப்பட்டன. 2006-இல் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. தெருவில் எதுவும் மாறவில்லை; நிதி வரும் வழி மட்டும் இருமுறை மாறியது. ஊர் நகரமாகும் காலத்துக்கென அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் (1992) நகர் பஞ்சாயத்து என்ற இடைநிலை அமைப்பை வகுத்துள்ளது. அதனை எப்போது அமைப்பது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டதனால் அது பரவலாகப் பயன்படவில்லை.

சாகண் 2010-களின் நடுப்பகுதியில் நகராட்சி மன்றமாயிற்று. தொழிற்சாலைகள் எழுந்து பல ஆண்டுகள் கழிந்தபின் வந்த மாற்றம் அது. அதற்குள் வரிசை அறைகள் பலவும் கட்டி முடிந்துவிட்டன. வடிகால் பின்னால் வர வேண்டியதாயிற்று. கட்டிய வீடுகளுக்கிடையே குழாய் பதிப்பது, வெற்று நிலத்தில் பதிப்பதைவிடப் பன்மடங்கு கடினம் என்பதைப் பொறியாளர்கள் அறிவர்.

2021-இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு கொரோனா தொற்றினால் தள்ளிவைக்கப்பட்டது. 2025 ஜூனில் வெளியான அறிவிக்கை, பனி சூழ்ந்த சில பகுதிகள் நீங்கலாக, 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் குறித்தது. அதற்கு முந்திய வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலம் ஒதுக்கப்பட்டது. நிர்வாக எல்லைகளில் மாற்றம் செய்வதற்கு 2025 டிசம்பர் 31 கடைசி நாளாக விதிக்கப்பட்டது. எனவே அந்நாளில் கிராமமாக இருந்த ஊர் அட்டவணையிலும் கிராமமாகவோ கணக்கெடுப்பு நகரமாகவோதான் இடம்பெறும்.

அவ்வட்டவணைகள் வெளிவரும்போது சாகண் வட்டாரத்தை ஆராயப் புகும் மாணவர், ஊரின் பெயரோடு நில்லாமல் தொழிற்பேட்டை எல்லைக்குள் அடங்கும் கிராமங்கள் அனைத்தையும் ஒன்றாகத் தொகுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் கொண்ட குடித்தனங்களையும், தம்பதியர் இல்லாத குடித்தனங்களையும் தனியே பிரித்தெடுத்து, எஞ்சியவற்றுக்குச் சராசரி காண வேண்டும். அதன்பின் ஒரு நாள் மாலையில் அத்தெருக்களுள் ஒன்றில் நடந்து, எத்தனை அறைகளில் அடுப்பு எரிகிறது என்று பார்த்து வருவதும் பயன் தரும்.