சிவப்பு விளக்கு அணையாதது ஏன்?
இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

மோட்டார் சைக்கிள் என்றதும் அதன் வேகமும் ஓசையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. எஞ்சினின் ஓரத்து மூடிக்குள் சிறிய மின்நிலையம் ஒன்று சுழன்றுகொண்டிருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணியதில்லை, பெரியப்பாவின் ஜாவா நின்றுபோகும் வரையில்.

மைசூரில் 1960-இல் நிறுவப்பட்ட ஐடியல் ஜாவா நிறுவனம், செக்கோஸ்லோவாக்கியா நாட்டு ஜாவாவின் உரிமம் பெற்று 1961 முதல் வண்டிகளைச் செய்தது. 1973 முதல் அவை யெஸ்டி என்ற பெயரில் வந்தன. 1996-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. பெரியப்பாவிடம் இருப்பது பெயர் மாறுவதற்கு முந்தைய 250 சி.சி. வண்டி. எங்கள் பசுவந்தனைக் கரிசல் காட்டுப் பாதையில் பருத்தி மூட்டையும் உளுந்து மூட்டையும் சுமந்த வண்டி அது. ஓராண்டாக அதில் பாட்டரி தங்குவதில்லை. சென்ற ஐப்பசியில் காட்டிலிருந்து இரவில் திரும்பும்போது முகப்பு விளக்கு மங்கி, ஓடைக்குள் வண்டியோடு விழுந்து பெரியப்பா முழங்கையை முறித்துக்கொண்டார். வண்டியை விற்றே தீரவேண்டும் என்று பெரியம்மா பிடிவாதம் பிடித்தார். ஒரு பட்டறையில், டைனமோவைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிய 12 வோல்ட் அமைப்பைப் பொருத்தினால்தான் ஆகும் என்றார்கள். அதற்கான தொகை எங்களால் இயலாதது.

"ஏலே, காலேஜில கரண்டைப் பத்தித்தானே படிக்கே? பொங்கலுக்குள்ள சரியாக்கு. ஆவலைன்னா காயலாங்கடைக்குப் போட்டுருவோம்" என்றார் பெரியப்பா.

முதலில் அமைப்பைக் காண்போம். ஜாவாவில் இருப்பது 6 வோல்ட், 45 வாட் நேர்மின்னோட்ட டைனமோ. எஞ்சினின் வலப்புறம், கிராங்க் தண்டின் நுனியிலேயே ஆர்மேச்சர் பொருத்தப்பட்டிருக்கும். அதைச் சுற்றி வட்டமாகக் களச்சுருள்கள். காமுடேட்டரின் மேல் இரு கார்பன் பிரஷ்கள். ஃபாரடே 1831-இல் கண்ட தத்துவமே இது. ஆனால் இதில் நிலைக்காந்தம் கிடையாது. களச்சுருளின் இரும்பில் தங்கியிருக்கும் எச்சக் காந்தம் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்க, அது களச்சுருளில் பாய்ந்து காந்தத்தை வலுவாக்க, அதனால் மின்னழுத்தம் மேலும் உயர, இப்படியே ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. இந்தத் தற்கிளர்ச்சித் தத்துவத்தைச் சீமென்ஸும் வீட்ஸ்டனும் தனித்தனியே கண்டறிந்தனர்; இலண்டன் ராயல் சங்கத்தில் இருவர் கட்டுரைகளும் 1867 பிப்ரவரி 14 அன்று, ஒரே நாளில் படிக்கப்பட்டன. நம் ஆய்வகத்தில் மீட்டர்ப் பாலத்தோடு மல்லுக்கட்டும்போது நாம் நினைத்துக்கொள்ளும் அதே வீட்ஸ்டன்தான்!

டைனமோவுக்கும் பாட்டரிக்கும் நடுவே மெக்கானிக்குகள் 'கட்அவுட்' என்று சொல்லும் பெட்டி இருக்கிறது. அதற்கு இரண்டு வேலைகள். டைனமோவின் மின்னழுத்தம் பாட்டரியினுடையதை மிஞ்சும்போது மட்டும் இணைப்பைக் கொடுப்பது ஒன்று. மின்னழுத்தம் அளவுக்கு மேல் போனால் களச்சுருளின் சுற்றில் ஒரு மின்தடையைச் சேர்த்து அதைக் கட்டுப்படுத்துவது மற்றொன்று. வண்டியிலுள்ள சிவப்பு விளக்கு பாட்டரிக்கும் டைனமோவுக்கும் இடையே இணைக்கப்பட்டது. இரு பக்கமும் மின்னழுத்தம் சமமானால் அதில் மின்னோட்டம் இராது, விளக்கு அணையும்.

பாட்டரியின் எர்த் இணைப்பை முதலில் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தேன். கரிசல் புழுதியும் பிரஷ் உதிர்த்த கார்பன் தூளும் எண்ணெயில் குழைந்து கறுப்பு மையாக அப்பிக்கிடந்தன. பிரஷ்கள் தேய்ந்து காமுடேட்டரைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. அவற்றை மாற்றினேன். காமுடேட்டரை மிக மெல்லிய மணல்தாளால் துடைத்தேன். எமரித்தாள் கூடாது, அதன் துகள் தாமிரத்தில் பதிந்து பிரஷை அரித்துவிடும். தாமிரப் பட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்கா தாமிரத்தைவிட மேலே துருத்தினாலும் பிரஷ் துள்ளும். உடைந்த ஆக்சா பிளேடு துண்டால் அதைச் சற்றுக் கீழே சுரண்டிவிட்டேன். ஆர்மேச்சர் நல்ல நிலையில் இருந்தது. பழுது களச்சுருளில். ஒரு காயில் பொசுங்கி, அதன் கம்பி இரும்போடு ஒட்டியிருந்தது.

இங்கேதான் பலரும் தவறுவார்கள் என்று நினைக்கிறேன். காயில் பொசுங்கியது என்றால் காயிலை மாற்றுவதோடு நின்றுவிடலாமா? ஏன் பொசுங்கியது? கட்அவுட்டைத் திறந்து பார்த்தேன். அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. ஆகவே எஞ்சின் நின்ற பிறகும் இணைப்பு விடுபடவில்லை. பாட்டரி இரவு முழுவதும் டைனமோவுக்குள் தன்னைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பாட்டரி தங்காததற்கும் காயில் வெந்ததற்கும் ஒரே காரணம்! புதிய காயிலைப் போட்டுப் பழைய கட்அவுட்டை விட்டிருந்தால் அதுவும் வெந்திருக்கும். புதிய கட்அவுட் ஒன்றை வாங்கினேன்.

காயில் கட்டுவதற்குக் கோவில்பட்டியில் கிணற்று மோட்டார்களுக்குச் சுற்றும் ஓர் அண்ணாச்சியிடம் போனேன். "சுத்து எண்ணிக்கையும் கம்பி கனமும் சரியாச் சொல்லு தம்பி, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பொசுங்கிய காயிலை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து எண்ணினேன். கம்பித் துண்டை நம் ஆய்வகத்திற்குக் கொண்டுவந்து, எனாமலைச் சுரண்டிவிட்டு, திருகு அளவியால் மூன்று இடங்களில் அளந்து சராசரி கண்டேன். சுழிப்பிழையை மறந்ததற்காக முதலாண்டில் பலமுறை திட்டு வாங்கியவன் நான். இம்முறை மறக்கவில்லை.

அடுத்தது வயரிங். பழைய வயர்கள் நிறம் வெளுத்து எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தன. வீட்டுக்குப் போடும் ஒற்றைக் கம்பி வயரை இதற்குப் பயன்படுத்தக்கூடாது, அதிர்வில் ஒடிந்துவிடும். பல இழை கொண்ட வண்டி வயரே வேண்டும். அதிலும் 6 வோல்ட் வண்டிக்குக் கனமான வயர் மிக முக்கியம். 45 வாட்டை 6 வோல்ட்டால் வகுத்தால் 7.5 ஆம்பியர். வழியில் துருவாலும் தளர்ச்சியாலும் 0.1 ஓம் மின்தடை இருந்தால் 0.75 வோல்ட் அங்கேயே போய்விடும். அதாவது எட்டில் ஒரு பங்கு. 12 வோல்ட் வண்டியில் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதிதான், இழப்பு 0.375 வோல்ட், முப்பத்திரண்டில் ஒரு பங்கே. இழை விளக்கில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். பெரியப்பா ஓடையில் விழுந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். ஆகவே எர்த் வயர் பொருத்தும் இடத்தில் சட்டத்தின் பெயிண்டைப் பளபளவென்று சுரண்டினேன். பாட்டரி வயரில் ஒரு ஃபியூஸும் சேர்த்தேன்.

எல்லாம் முடித்து, வெளியில் சார்ஜ் செய்த பாட்டரியை வைத்து, மார்கழிக் கடைசியில் ஒரு மாலை வண்டியை உதைத்தேன். எஞ்சின் ஓடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. முறுக்கினேன். எரிந்துகொண்டேயிருந்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

எச்சக் காந்தம் போயிருக்கும், பாட்டரியால் களச்சுருளை ஒருமுறை தொட்டு எடு என்றார் அண்ணாச்சி. அப்படியே செய்தேன், பலனில்லை. அன்றிரவு டைனமோ பாடத்தை மீண்டும் படித்தேன். மறுநாள் களச்சுருளின் இணைப்பைக் கழற்றிவிட்டு டைனமோவின் மின்னழுத்தத்தை அளந்தேன். அரை வோல்ட் அளவுக்கு வந்தது. எச்சக் காந்தம் இருக்கிறது! களச்சுருளை இணைத்தேன். ஏறவேண்டிய முள் இறங்கியது.

இறங்கியதில்தான் விடை இருந்தது. களச்சுருளின் மின்னோட்டம் எச்சக் காந்தத்தை வளர்க்காமல் அழிக்கிறது. ஒரு காயில் மட்டும் திரும்பியிருக்குமோ என்று, எஞ்சினை நிறுத்தி, களச்சுருளுக்கு மட்டும் பாட்டரியிலிருந்து சிறிது மின்னோட்டம் கொடுத்துக் காந்த ஊசியைச் சுற்றிலும் நகர்த்திப் பார்த்தேன். வடக்கு, தெற்கு என்று மாறி மாறிச் சரியாகவே இருந்தது. அப்படியானால் முழுத்தொடரின் இரு முனைகளையும் நான்தான் இடம் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். நிறம் வெளுத்த வயர்களைக் கழற்றுமுன் சீட்டுக் கட்டாததன் விளைவு. பாட்டரியால் தொட்டும் பயனில்லாமல் போனது ஏன் என்பதும் அப்போது விளங்கியது. எச்சக் காந்தத்தின் திசையைத் திருப்பினால் ஆர்மேச்சரின் மின்னழுத்தமும் திரும்பும். அதனால் களமின்னோட்டமும் திரும்பும். எதிர்ப்பு எதிர்ப்பாகவே நிற்கும். திருப்பவேண்டியது காந்தத்தையன்று, இணைப்பை.

இரு முனைகளையும் மாற்றிப் பூட்டினேன். முறுக்கியதும் சிவப்பு விளக்கு மங்கி, சிமிட்டி, அணைந்தது. பாட்டரி முனைகளில் 7 வோல்ட்.

முகப்பில் யாரோ போட்டிருந்த 35 வாட் பல்பையும் கழற்றினேன். அதோடு பின்விளக்குக்கு 5 வாட் போனால் டைனமோவில் மிஞ்சுவது 5 வாட். அதிலிருந்துதான் இக்னிஷன் காயிலுக்கும் கொடுக்கவேண்டும், பாட்டரிக்கும் கொடுக்கவேண்டும். 25 வாட் பல்பு மாட்டினேன். வெளிச்சம் குறைவு என்று பெரியப்பா இன்னும் குறைப்பட்டுக்கொள்கிறார். கணக்கைச் சொன்னேன். "ஓடையில விழுந்தவன் நானா, உன் கணக்கா?" என்று கேட்டுவிட்டு, பெரியம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்.