நிற்கும் காலுக்குள் நடப்பது

அன்புள்ள தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று பக்கத்தில் உங்கள் வலியைப் பற்றி இருந்தது ஆறே வரிதான். மீதியெல்லாம் கடை, தீபாவளிக் கூட்டம், தம்பியின் கல்லூரிக் கட்டணம். அந்த ஆறு வரிக்குத்தான் இந்தப் பதில். புடவைப் பிரிவில் காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பது வரை நிற்பதாகவும், படுத்த பிறகு கெண்டைச் சதை கல்லாக இறுகி உயிர் போவதாகவும், முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் நீலமாக நரம்பு சுருண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "வயல்ல நாள் முழுக்க நடந்த அம்மாவுக்கு இதெல்லாம் வரலையே அக்கா, சும்மா நிக்கிற எனக்கு ஏன்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் 'சும்மா' என்ற சொல் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

முதலில் 'நரம்பு'. தோலுக்கடியில் கயிறுபோல் தெரிகிற எதையும் நாம் நரம்பு என்றுதான் சொல்கிறோம். ரத்தம் எடுக்க வருபவர்கூட "நரம்பு கிடைக்கல" என்கிறார். உங்கள் காலில் சுருண்டிருப்பது நரம்பு இல்லை. சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். பேரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியவில்லை. நரம்பு என்று நினைப்பவர்கள் நரம்புக்குச் சத்து மாத்திரை வாங்குகிறார்கள், நரம்பு ஊசி போட்டுக்கொள்கிறார்கள், மாதக்கணக்கில் காசு போகிறது, சிரை அப்படியே வீங்கிக் கிடக்கிறது. இப்படி வந்தவர்களை என் சிகிச்சை அறையில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்து இதைச் செய்துபாருங்கள். முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் வைத்து, கெண்டைக்காலைப் பின்னாலிருந்து உள்ளங்கையால் பிடியுங்கள். குதிகாலை மட்டும் தூக்குங்கள். கைக்குள் இருக்கும் பெரிய சதை பெரும்பாலும் தளர்வாகவே இருக்கும். அதற்குக் கீழே, இரண்டு ஓரங்களிலும் வேறொன்று இறுகுவது தெரியும். அடுத்து எழுந்து நின்று, முழங்காலை நிமிர்த்தி, குதிகாலைத் தூக்குங்கள். இப்போது இரண்டு புடைப்புகளாக மேல்சதை எழும்பி நிற்கும்.

ஆக, கெண்டைக்குள் இருப்பது ஒரு சதை அல்ல. மேலே தெரிவது காஸ்ட்ரோக்னீமியஸ். கிரேக்கத்தில் அதற்குக் காலின் வயிறு என்று பொருள். நாம் கெண்டை மீனின் பெயரைச் சொல்கிறோம். இரண்டு தலைகளோடு தொடை எலும்பின் அடி முனையில் தொடங்கி, முழங்காலையும் கணுக்காலையும் தாண்டிக் குதிகால் எலும்பில் போய் முடிகிறது. முழங்கால் மடங்கியிருந்தால் அது தொய்ந்துபோகும், இழுக்க வலு இருக்காது. அதன் அடியில் தட்டையாகக் கிடப்பது சோலியஸ். லத்தீனில் சோலியா என்றால் செருப்பு. தட்டையான ஒரு மீனுக்கும் அதே பெயர்தான். இது முழங்காலுக்குக் கீழேயே, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளிலிருந்தும் புறப்படுகிறது. இரண்டும் சேர்ந்துதான் குதிகால் நாண். நம் உடம்பிலேயே தடித்த, வலுவான நாண் அதுதான்.

மாணவியாக இருந்தபோது உடற்கூறு மேசையில் மேல்சதையை அறுத்து ஒதுக்கிச் சோலியஸை முதன்முதலாகப் பார்த்த நாள் நினைவிருக்கிறது. மேல்சதை தனியாக எளிதில் தூக்க வந்தது. சோலியஸ் வரவில்லை. எலும்போடு ஒட்டிக்கொண்டு, வெள்ளை நார்கள் ஊடாடி, பலகைபோல் இருந்தது. அதைக் குறுக்கே வெட்டியதும் உள்ளே சிறுவிரல் நுழையும் அளவுக்குப் பொந்துகள். ஏதோ தவறாக வெட்டிவிட்டேன் என்று பயந்தேன். "வெட்டினது சரிதான், அதுக்குள்ள ரத்தம் தங்குற இடம்மா அது" என்றார் ஆசிரியர். சதைக்குள்ளேயே ரத்தக் குளங்கள்!

அந்தக் குளங்கள் எதற்கு? நீங்கள் நிற்கும்போது இதயத்திலிருந்து கணுக்கால்வரை ஏறக்குறைய நாலடி உயரத்துக்கு ரத்தம் தூணாக நிற்கிறது. அசையாமல் நின்றால் கணுக்காலில் சிரையின் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். கீழே இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்றுவது இதயத்துக்கு மட்டும் ஆகிற வேலை இல்லை. பெரும் பங்கு கெண்டைச் சதைக்கு. கீழ்க்காலைச் சுற்றி நீளாத உறை ஒன்று இறுக்கமாகப் போர்த்தியிருக்கிறது. சதை சுருங்கிப் புடைக்கும்போது வெளிப்பக்கம் விரிய இடம் கிடையாது, உள்ளே இருக்கும் சிரைகள்தான் நசுங்குகின்றன, ரத்தம் மேலே பீச்சப்படுகிறது. திரும்பி விழாமல் வால்வுகள் தடுக்கின்றன. 1603இல் பாதுவாவில் ஃபாப்ரீசியஸ் இந்த வால்வுகளை விவரித்து நூல் வெளியிட்டார். அவை ஒருவழிக் கதவுகள் என்பதைப் புரிந்துகொண்டு, ரத்தம் சுற்றி வருகிறது என்று 1628இல் நிறுவியவர் அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வி.

மாட்டில் பால் கறப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காம்பைப் பிடித்து அழுத்த வேண்டும், விட வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். பிடித்தபடியே இருந்தால் பால் வராது. உங்கள் அம்மா வரப்பில் வைத்த ஒவ்வொரு அடியும் ஒரு கறவை; சில அடிகள் நடந்தாலே அந்த 90 என்பது 30க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். நீங்கள் நிற்கும்போது சோலியஸ் சும்மா இல்லை. நம் உடம்பின் எடை கணுக்கால் மூட்டுக்குச் சற்று முன்னால்தான் விழுகிறது. முகம் குப்புற விழாமல் பின்னாலிருந்து நாள் முழுக்க இழுத்துப் பிடிப்பது அதுதான். மெதுவாக, சோராமல் உழைக்கும் இழைகளே அதில் பெரும்பான்மை. பிடித்துக்கொண்டே இருக்கிறது, விட்டுப் பிடிக்க வாய்ப்பில்லை. ரத்தம் தேங்குகிறது. வருடக்கணக்கில் தேங்கினால் சிரை விரிகிறது. விரிந்த சிரையில் வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. தோலுக்கடியில் ஓடும் சிரைகள் அந்த இறுக்கமான உறைக்கு வெளியே இருக்கின்றன, அவற்றைத் தாங்க எதுவுமில்லை. அதனால்தான் அவை முதலில் சுருள்கின்றன. குடும்பவாகு, பிரசவம், வயது எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் கடைமேல் போடமாட்டேன். ஆனால் 'சும்மா நிற்கிறேன்' என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

கடையில் வாடிக்கையாளர் முன்னால் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. புடவையை விரித்துக் காட்டும்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், பத்து முறை, வேகம் வேண்டாம். மடிக்கும்போது பாதத்தின் முன்பகுதியைத் தூக்குங்கள். அப்போது முன்னங்காலில் டிபியாலிஸ் ஆன்டீரியர் வேலை செய்ய, பின்னால் சோலியஸ் விட்டுக்கொடுக்கும். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுங்கள். அப்படி ஒற்றைக் காலில் இடுப்பு சாயாமல் தாங்குவது இடுப்பின் பக்கத்தில் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ். அது பலவீனமானால் மறுபக்க இடுப்பு இறங்கும் என்று காட்டிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலென்பர்க்தான், சுருண்ட சிரையில் வால்வு கெட்டிருக்கிறதா என்று அறியும் கட்டுப் பரிசோதனையையும் தந்தவர்.

ராத்திரி கெண்டை இழுக்கும்போது எண்ணெய் தேடி ஓடவேண்டாம். முழங்காலை நன்றாக நிமிர்த்துங்கள். துப்பட்டாவைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி உங்களை நோக்கி இழுங்கள். முழங்கால் மடங்கியிருந்தால் மேல்சதை தொய்ந்துபோகும் என்று மேலே சொன்னேனே, அதனால்தான் நிமிர்த்தச் சொல்கிறேன். படுக்கும் முன் சுவரில் கைவைத்து, பின்காலின் குதியைத் தரையில் ஊன்றி, அரை நிமிடம் இழுத்துவிட்டுப் படுங்கள்.

உட்காருவதைப் பற்றி எழுதும்போது நீங்கள் தயங்கியிருப்பது தெரிகிறது. "ஸ்டூல் கேட்டா சோம்பேறின்னு நினைப்பாங்க." தங்கை, அது சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி 22ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள்: வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது; அதற்காகப் பல ஆண்டு போராடிய பெண்களின் முன்னணியில் நின்றவர் கோழிக்கோட்டுத் தையல் தொழிலாளி பி. விஜி. அவர் தொழிலின் பெயரோடு ஒரு தசையும் உண்டு. தொடையின் குறுக்கே இடுப்பிலிருந்து முழங்காலின் உள்பக்கம்வரை இறங்கும் சார்டோரியஸ், உடம்பிலேயே நீளமான தசை. சம்மணம் போட்டு உட்காருவதற்கு வேண்டிய அசைவுகள் அதனுடையவை. தையல்காரரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் அதற்குப் பெயர் வந்தது. விஜியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தசைதான் ஞாபகம் வரும்.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். உங்கள் பிரிவில் இருக்கும் நான்கைந்து பேரும் சேர்ந்து கேளுங்கள். ஸ்டூல் கிடைத்தாலும் காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்திருக்க வேண்டாம். அங்கேயும் குதிகால் ஏறி இறங்கட்டும்.

சிரையை டாப்ளர் ஸ்கேனில் ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம். அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் காட்டலாம். இறுக்கமான காலுறை போடச் சொன்னால், அளவெடுத்து வாங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பே போடுங்கள்; கடைக்காரர் எடுத்துத் தரும் ஏதோ ஒன்று உதவாது. உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிப்பெடுத்தால் சொறியாதீர்கள், அங்கே வரும் புண் ஆற மாதங்கள் ஆகும்.

இன்ச் டேப் எப்போதும் உங்கள் கழுத்திலேயே தொங்குமே, இன்று ராத்திரி அதை எடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு ஒன்று முட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து 10 சென்டிமீட்டர் கீழே கெண்டைக்காலைச் சுற்றி அளந்து, இரண்டு காலின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக் காலை எழுந்ததும் மறுபடி அளந்துபாருங்கள். இரண்டு காலும் இரவில் கொஞ்சம் கூடிக் காலையில் குறைந்தால் அது நின்றதால் வந்த வீக்கம். ஒரு கால் மட்டும் திடீரென்று மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்து, வலித்து, சூடாக இருந்தால் தேய்க்காதீர்கள், விடியும்வரை காத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரு வார அளவை எழுதி எனக்கு அனுப்புங்கள், இரண்டு காலுக்கும் தனித்தனியாக.

அன்புடன்,
அக்கா