ஃப்ரீஸ் என்றால் ஃப்ரீஸ்தான்

அன்புத் தங்கைக்கு,

நீ வெளியீட்டுப் பொறுப்பேற்ற உங்கள் குறிப்பேட்டுச் செயலியின் 4.2 பதிப்பு வெளிவந்த அன்றே வெளியீட்டுக் குறிப்பைப் படித்தேன். அதோடு விடாமல், முதல் ஆர்.சி. என்ற வெளியீட்டு முன்னோட்டத்துக்கும் இறுதி டேகுக்கும் நடுவே உள்ளே வந்த கமிட்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கிளை பிரிப்பது, பக் பட்டியலைச் சலிப்பது, யாரை எப்போது நச்சரிப்பது என்பதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஒரு கமிட்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஸ்ட்ரிங் ஃப்ரீஸ் அறிவித்தாகிவிட்டது, இனி இடைமுக வரிகளைத் தொடக்கூடாது. வெளியீட்டுக்கு நான்கு நாள் இருக்கிறது. அப்போது மெனுவிலும் உரையாடல் பெட்டிகளிலும் 41 ஆங்கில வரிகளை மாற்ற அனுமதித்திருக்கிறாய். என்ன மாற்றம்? ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பெரிய எழுத்தாக இருந்தது. இனி வரியின் முதலெழுத்து மட்டும் பெரிதாக இருக்கும். அவ்வளவுதான். ‘தோற்ற மாற்றம், எதையும் பாதிக்காது’ என்று கமிட்டை எழுதியவர் நம்பினார், நீயும் நம்பினாய்.

தமிழுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று உண்டா? மலையாளத்துக்கு? அரபிக்கு? ஜப்பானியத்துக்கு? இந்த மொழிகளில் அந்த 41 வரிகளின் மொழிபெயர்ப்பும் ஒரு புள்ளிகூட மாற வேண்டியதில்லை. ஆனால் மொழிபெயர்ப்புகளை மூல வரிகளோடு இணைக்கும் கெட்டெக்ஸ்டுக்கு அது தெரியாது. மூல வரியில் ஓர் எழுத்து மாறினாலும் பழைய மொழிபெயர்ப்பை அது ‘ஃபஸி’ என்று குறித்து ஒதுக்கிவைக்கும். மொழிபெயர்ப்பு அடங்கிய பிஓ கோப்பைத் தொகுக்கும்போது ஃபஸி வரிகள் சேராது. செயலி ஓடும்போது அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து நிற்கும். முழுக்க மொழிபெயர்த்து முடித்திருந்த தமிழ் இடைமுகத்தில், கோப்பை அழிக்கும் முன் வரும் எச்சரிக்கை உட்பட, 41 இடங்களில் ஆங்கிலம். பயனர் என்ன நினைப்பார்? தமிழ்க்குழு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டது என்றுதானே? பழி முழுவதும், ஃப்ரீஸுக்கு முன்பே முடித்துக் கொடுத்தவர் தலையில் விழுகிறது.

அவர் யார் என்று யோசித்துப் பார்த்தாயா? பெரும்பாலும் சம்பளம் இல்லாதவர். பள்ளி விட்டு வந்து விடைத்தாள் திருத்திய பிறகு உட்காரும் ஆசிரியராக இருக்கலாம். தேர்வுக்கு நடுவே நேரம் திருடும் மாணவியாக இருக்கலாம். ஃப்ரீஸ் தேதியை நம்பித்தான் அவர் தன் இரவுகளை ஒதுக்குகிறார். நீ ஃப்ரீஸை உடைக்கும்போது அவர் ஏற்கெனவே கோப்பை அனுப்பிவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார். க்னோம் திட்டத்தில் ஸ்ட்ரிங் ஃப்ரீஸுக்குப் பிறகு ஒரு வரியைத் தொட வேண்டுமென்றால் மொழிபெயர்ப்புக் குழுவிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். 80 விழுக்காடு வரிகள் மொழிபெயர்க்கப்பட்ட மொழிகளையே ஆதரவுள்ள மொழிகளாக அவர்கள் குறிப்பிட்டுவந்தது நெடுநாள் வழக்கம். அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் ஒரு சிறு குழுவுக்கு, கடைசி வாரத்தில் மாறும் வரிகள் என்ன செய்யும் என்று கணக்குப் போட்டுப் பார்.

நாங்கள் தொடங்கிய காலத்தில் திருச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் பிஓ கோப்புகளை இறக்குவோம். ஃபிளாப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவோம். டிஸ்கி குறியாக்கமா யூனிகோடா என்ற சண்டை ஓயாத காலம். எழுத்துரு சரியாக வருகிறதா என்று பார்க்கவே பாதி இரவு போகும். முடித்ததை மறுபடி ஃபிளாப்பியில் எடுத்துக்கொண்டு போய், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, மின்னஞ்சலில் அனுப்புவோம். அப்போது ஒரு திட்டத்தை ஒருங்கிணைத்த அம்மையார், முகம் பார்த்ததில்லை, ஐரோப்பாவில் எங்கோ இருந்தார். ஃப்ரீஸுக்குப் பிறகு வந்த ஒரு பேட்சை அவர் திருப்பி அனுப்பினார். எழுதியவர் அந்தத் திட்டத்தின் மூத்த நிரலாளர். மாற்றமும் நல்ல மாற்றம்தான். அம்மையார் எழுதிய காரணம் இவ்வளவே: சிறிய மொழிக்குழுக்கள் முடித்துக் கொடுத்துவிட்டன, இது அடுத்த பதிப்புக்கு. நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்காக ஒருவர் தன் திட்டத்தின் மூத்தவரிடமே ‘முடியாது’ என்று சொன்னார். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஒருங்கிணைப்பாளர் இன்றுவரை அவர்தான்.

உனக்கும் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாமல் இல்லை. ஏன் சொல்ல முடியவில்லை என்று உங்கள் திட்டப் பக்கத்தைப் பார்த்தபோது புரிந்தது. 4.3 எப்போது என்று அதில் எங்கும் இல்லை. அடுத்த பேருந்து எப்போது வரும் என்று தெரியாத நிறுத்தத்தில் எல்லாரும் படியில் தொங்கத்தான் செய்வார்கள்.

லினக்ஸ் கெர்னலே இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 2.4 வந்தது 2001 ஜனவரியில், 2.6 வந்தது 2003 டிசம்பரில். இடையில் ஏறக்குறைய மூன்று ஆண்டு. இந்தப் பதிப்பைத் தவறவிட்டால் இன்னும் பல ஆண்டு காத்திருக்க வேண்டும் என்றால் யார்தான் தன் பேட்சை விட்டுக்கொடுப்பார்கள்? இன்றைக்கு அங்கே முறையே வேறு. புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம், பிறகு வாரம் ஓர் ஆர்.சி., ஒன்பது பத்து வாரத்தில் வெளியீடு. தவறியவருக்கு இரண்டு மாதத்தில் மறு வாய்ப்பு. அதனால் சண்டையும் குறைவு, கெஞ்சலும் குறைவு. ஆகவே 4.3க்கு ஃப்ரீஸ் தேதி குறிக்கும் அன்றே 4.4இன் தேதியையும் எழுதிப் போடு. இதை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீயாவது கேள்.

வரியை மாற்றியே தீர வேண்டும் என்ற நிலையும் வரும். தரவை அழித்துவிடும் ஒரு பொத்தானுக்குத் தவறான விளக்கம் இருந்தால் அதை விட்டுவைக்கச் சொல்லமாட்டேன். அப்போது தேதியைத் தள்ளு, அதை எல்லார் முன்னாலும் முன்கூட்டியே தள்ளு. உபுண்டு 6.06 ஏப்ரல் 2006இல் வந்திருக்க வேண்டியது. சோதனைக்கும் மொழியாக்கத்துக்கும் இன்னும் நேரம் வேண்டும் என்று ஆறு வாரம் தள்ளி ஜூனில் விட்டார்கள். பதிப்பெண்ணிலேயே தாமதம் தெரிகிறது, அதனால் யாருடைய மானமும் போய்விடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் வெளியீட்டுக் குறிப்பின் கடைசி வரி: ‘மேலும் பல பிழைகள் திருத்தப்பட்டுள்ளன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டுள்ளது.’ இந்த வாக்கியத்தை எந்த ஊர் மென்பொருளில் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். எந்தப் பிழை? யாருக்கு வேகம்? இதைவிட மோசம், தெரிந்தே விட்ட பிழைகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. பழைய குறிப்பேடுகளை இறக்கும்போது இணைப்புப் படங்கள் விடுபடுகின்றன என்று உங்கள் பட்டியலிலேயே ஒரு பக் திறந்து கிடக்கிறதே! மேம்படுத்தும் முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே?

டெபியன் 3.1, சார்ஜ், 2005 ஜூன் 6ஆம் தேதி வந்தது. அதற்கு முந்தைய வூடி 2002 ஜூலையில் வந்தது. அத்தனை காத்திருப்புக்குப் பிறகு வந்த முதல் சிடி படிமங்களில் ஒரு கோளாறு: அவற்றிலிருந்து புதிதாக நிறுவினால் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வராது. திருத்தங்களை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் சோர்ஸஸ் கோப்பில் அதற்கான வரி செயலற்றதாகவும் தவறான பெயரோடும் எழுதப்பட்டிருந்தது. அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை. எந்தக் கோப்பில் எந்த வரியை எப்படித் திருத்த வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். திருத்திய படிமங்களையும் வெளியிட்டார்கள். படித்தவர் எவரும் ஒரு நிமிடத்தில் சரிசெய்துகொள்ளலாம். குறிப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும். உன் களஞ்சியத்தைப் பார்க்கவே போகாதவர்களுக்கு உன்னிடமிருந்து கிடைப்பது அந்த ஒரு பக்கம்தான்.

இவ்வளவு திட்டிய பிறகு இதைச் சொல்லாவிட்டால் நான் மனிதனில்லை. வெளியீட்டு மூலப்பொதியான டார்பாலை நீ உருவாக்கிய விதம் அருமை, அருமை! உன் மடிக்கணினியில் கட்டிக் கையெழுத்துப் போட்டு ஏற்றிவிடாமல், அதே டேகிலிருந்து இன்னொருவரை வேறு ஊரில், வேறு கணினியில் கட்டச் சொல்லி, இரண்டின் ஹாஷும் ஒத்துப்போன பிறகே வெளியிட்டிருக்கிறாய். அந்தப் பதிவைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டாக இந்த வேலை செய்கிறவர்களே இதைச் செய்வதில்லை.

2024 மார்ச் 29ஆம் தேதியை இந்தத் தொழிலில் யாரும் மறக்கக்கூடாது. எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்புகளிலும் பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அன்று வெளியிட்டார். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவுக்கு அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் போய்க் கண்டுபிடித்தது. நஞ்சு அடங்கிய சோதனைக் கோப்புகள் களஞ்சியத்திலேயே இருந்தன. அவற்றை உயிர்ப்பிக்கும் எம்4 கட்டமைப்புக் கோப்பின் மாற்றப்பட்ட வடிவம் டார்பாலில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தைப் படித்தவர் கண்ணில் அது படவே வழியில்லை. டார்பாலில் இருந்த கையெழுத்தோ போலி அல்ல. நெடுநாள் உழைத்து நம்பிக்கை பெற்ற ஓர் இணைப் பராமரிப்பாளரே போட்டது. யார் அனுப்பினார் என்பதைத்தான் கையெழுத்து சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். பொறுப்பேற்ற முதல் வெளியீட்டிலேயே உனக்கு அது தோன்றியிருக்கிறது. டார்பாலை இறக்குகிறவரின் நம்பிக்கையை இவ்வளவு கவனமாகக் காத்த உனக்கு, பிஓ கோப்பை அனுப்பியவரின் நம்பிக்கை கண்ணில் படாமல் போனதுதான் என் வருத்தம்.

4.2.1ஐ மாத இறுதிக்குள் விடப்போவதாக எழுதியிருக்கிறாய். அந்த 41 வரிகளையும் பழையபடியே திருப்பி வை. பிஓ கோப்புகளை ஃப்ரீஸ் நாள் கமிட்டிலிருந்து எடு. அதற்குப் பின் யாராவது திருத்தம் அனுப்பியிருந்தால் அதை மட்டும் மேலே சேர். மொழிபெயர்ப்பாளர்கள் மறுபடி உட்கார வேண்டியிராது. எல்லா மொழிக்குழுக்களுக்கும் நடந்ததைச் சொல்லி நீயே எழுது, வேறு யாரையும் எழுத விடாதே. படங்கள் விடுபடும் பக்கைக் குறிப்பின் முதல் பத்தியில் போடு. பெரிய எழுத்து மாற்றம் 4.3க்குப் போகட்டும், ஃப்ரீஸுக்கு முன்னால்.

அன்புடன்,
உன் அண்ணன்