மருந்துக் கூர்க்கன்: இனமறிதலும் சாகுபடியும்

துளசி, தும்பை, புதினா ஆகியவை சேர்ந்த குடும்பத்தில் மருந்துக் கூர்க்கன் என்னும் கிழங்குச் செடியும் ஒன்று. வறண்ட குன்றுச் சரிவுகளில், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 600 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில், இது தானே வளரும். ஓசூர் மேட்டுநிலம் 900 மீட்டரை ஒட்டிய உயரத்திலிருப்பதாலும், வடிகாலுள்ள செம்மண் பூமி அங்கு மிகுந்திருப்பதாலும், இச்செடிக்கு அவ்விடத்துச் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளும். சேலம் ஜில்லா ஆத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்கள் இதன் சாகுபடியில் முன்னரே பழகியவர்கள்.

இதன் வேர்க்கிழங்கிலுள்ள போர்ஸ்கோலின் என்னும் சத்து 1970-களில் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சிகளால் வெளிப்பட்டது. லட்சுமணபுரியிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும், பம்பாயிலிருந்த ஹெக்ஸ்ட் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையும் அதில் ஈடுபட்டன. இருதயத் தசைக்கு வலுவளிப்பதும் கண்ணின் உள்ளழுத்தத்தைத் தணிப்பதும் இச்சத்தின் குணங்கள். இரத்த அழுத்தத்தையும் இது குறைக்கக் கூடியதாகையால், வைத்தியர் யோசனையின்றி எவரும் இதை மருந்தாக உட்கொள்ளலாகாது. உலர்ந்த கிழங்கு நூறு கிலோவில் இச்சத்து பெரும்பாலும் அரைக் கிலோவுக்கும் குறைவே. ஆகவேதான் சாறு பிரிக்கும் ஆலைகளுக்குக் கிழங்கு டன் கணக்கில் தேவைப்படுகிறது.

செடியை இனமறிவதில் பெயரே முதற் குழப்பத்தை விளைவிக்கிறது. மலையாள நாட்டில் கூர்க்கன் என்று சொன்னால், திருநெல்வேலிச் சீமையில் சிறுகிழங்கு எனப்படும் உணவுக் கிழங்கையே குறிக்கும். அது உருண்டு சிறுத்திருக்கும். மருந்துக் கூர்க்கனின் கிழங்கோ விரல் போல் நீண்டு, கொத்தாக நாற்புறமும் பரவி, பொன்னிறங் கலந்த பழுப்பாக, இஞ்சியை ஒத்த காரமான வாசனையுடன் இருக்கும். கற்பூரவல்லியும் நெருங்கிய உறவே. ஆயினும் அதன் இலை தடித்துச் சதைப்பற்றுள்ளது, ஓம வாசனை வீசுவது, அடியில் கிழங்கு வைக்காதது. மருந்துக் கூர்க்கன் முழங்கால் உயரத்திற்குக் குத்தாக வளரும். தண்டு நாற்கோணமானது, இலைகள் எதிரெதிராக அமைந்து, மெல்லிய உரோமங்களும் விளிம்பில் மழுங்கிய பற்களும் உடையவை. பூ ஊதா கலந்த நீலம். கீழிதழ் படகைப் போல் குவிந்திருக்கும். ஐயம் நேர்ந்தால் ஒரு செடியைத் தோண்டி வேரைப் பார்ப்பதே உறுதியான சோதனை. கருநாடகத்தார் இதை மகந்தி பேரு என்பர். குஜராத்தில் இக்கிழங்கை ஊறுகாய் போடுவதும் உண்டு.

நடவுக்கு விதை வேண்டுவதில்லை. மூன்று நான்கு ஜோடி இலைகளுள்ள, 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள நுனித் தண்டுகளை நிழலில் நாற்றங்கால் இட்டால் ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். ஏக்கருக்கு 6 டன் தொழுவுரமிட்டு, ஆனி ஆடியில் பார் பிடித்து, இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளியில் நட்டால் ஏறக்குறைய 15,000 செடிகள் கொள்ளும். தழை, மணி, சாம்பல் சத்துக்கள் முறையே 12, 24, 20 கிலோ அளவில், நட்ட 30-ஆம் நாளும் 45-ஆம் நாளுமாகப் பிரித்து இடத்தக்கவை. பூங்கொத்துக்களைக் கிள்ளிவிட்டால் கிழங்கு பருக்கும்.

நிலத்தைத் தெரிந்தெடுப்பதில்தான் இந்த ஜில்லாக் குடியானவர் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கிருஷ்ணகிரி ஜில்லா தக்காளி விளையும் ஜில்லா. தக்காளியைப் பற்றும் வேர்முடிச்சு நூற்புழுவும் பாக்டீரியா வாடல் நோயுமே மருந்துக் கூர்க்கனுக்கும் பெரும் பகை. தக்காளி, கத்தரி வாடிய வயலில் இதை நட்டால், நான்கு மாதம் பசுமையாக நின்ற செடியும் கிழங்கு பருக்கும் தருணத்தில் சாய்ந்துவிடக் கூடும். அதுவரை செய்த செலவெல்லாம் மண்ணோடு போகும். ஆதலால் அத்தகைய வயலில் வாடல் நோய்க்கு இரையாகாத கேழ்வரகை முதலில் எடுத்து, பின்னரே இதற்கு வருவது உத்தமம். செண்டுமல்லியின் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவை ஒடுக்குமாதலால் அதனை ஊடுபயிராக இடலாம். ஓசூர்ப் பூச்சந்தை பக்கத்திலிருப்பது இதற்கு ஓர் அனுகூலம். அடியுரமாக வேப்பம் புண்ணாக்கு இடுவதும் நன்று. நாற்றுத் தண்டு நோயற்ற வயலிலிருந்து வந்ததா என்பதை நேரில் சென்று பார்த்தே வாங்குக.

ஆறு மாதத்தில், மார்கழி தை வெயிலில், கிழங்கு தோண்டப்படும். நன்கு விளைந்த ஏக்கரில் 6 முதல் 8 டன் பச்சைக் கிழங்கு காணலாம். துண்டு போட்டு உலர்த்தினால் எட்டில் ஒரு பங்களவே மிஞ்சும். ஆகையால் பேசும் விலை பச்சைக்கா உலர்ந்ததற்கா என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். களையெடுப்புக்கும் தோண்டலுக்கும் ஆட்கள் பலர் வேண்டும். சிப்காட் ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமங்களில் கூலியாள் கிடைப்பது அரிதாகையால், சொந்தக் குடும்பத்தார் கைகொடுக்கக் கூடிய பரப்பளவே இட்டுப் பார்ப்பது விவேகம்.

இக்கிழங்கு உள்ளூர்ச் சந்தையில் விலை போகும் பண்டமன்று. வாங்குவோர் சாறு பிரிக்கும் ஆலையாரும் அவர்தம் தரகருமே. பிரித்த சாறோ பெரும்பாலும் அயல்நாடு செல்வது. அங்கே கிராக்கி குறைந்தால் இங்கே வயலில் கிழங்கு கிடக்கும். தரகர் வாய்ச்சொல்லை நம்பி நட்ட பயிருக்கு ஜாமீன் ஏது? விலை, ஈரப்பதம், எடை போடும் இடம், பணம் தரும் நாள் ஆகியவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே நாற்றுக்குப் பணம் கொடுத்தல் வேண்டும்.

காப்புக்காட்டில் இக்கிழங்கைத் தோண்டுதல் 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம். வேரோடு பறித்த இடத்தில் செடி மறுபடி தழைப்பதும் அரிது. ஆகவே, பட்டா நிலத்தில் இப்பயிரிட்டவர் அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து அடங்கலில் பெயரோடு பதிவு செய்வித்தல் நலம். அலுவலரும் "இதர பயிர்" என்று பொதுவாக எழுதிவிடாமல், நிலத்தைப் பார்வையிட்டுப் பயிரின் பெயரையும் பரப்பையும் குறிப்பது முறை. கிழங்கு வண்டியேறும்போது அது காட்டுச் சரக்கா, வயற் சரக்கா என்ற கேள்வி எழுந்தால், அந்த அடங்கல் நகலே குடியானவருக்குச் சாட்சி.